ஒரு பஸ், நான்கு சபைகள்: கொழும்புக்கான போக்குவரத்துத் திட்டத்தை யார் எழுதுவது?

தெற்குக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஹோமாகமவில் காலை ஏழு மணிக்கு 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும் ஒருவர் புறக்கோட்டையில் இறங்குவதற்குள் ஹோமாகம பிரதேச சபை, மஹரகம நகர சபை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே மாநகர சபை, கொழும்பு மாநகர சபை ஆகிய நான்கு உள்ளூராட்சி எல்லைகளைக் கடந்துவிடுகிறார். அவர் தொங்கிக்கொண்டு வரும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியது மாகாணம். பஸ் ஓடும் ஹைலெவல் வீதி ‘ஏ’ தர வீதி என்பதால் அது மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. பின்னால் வரும் சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையது. அதுவும் மத்திய அரசே. வழியில் நுகேகொடையில் இறங்கினால் அவர் நுழையும் குறுக்குத் தெருவும், அதன் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் கார்களும், கடைக்காரர் நடைபாதையில் சாய்த்து வைத்த பலகையும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பில் வருகின்றன. ஆக, ஒரு மணி நேரப் பயணத்தில் அவர் மூன்று அடுக்கு அரசாங்கத்தையும் தொட்டுவிடுகிறார். அந்த மூன்று அடுக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

திட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 2014இல் ஜப்பானிய உதவியுடன் கொழும்புப் பெருநகரப் பகுதிக்கான போக்குவரத்துப் பெருந்திட்டம் ஒன்று வந்தது. காலி வீதி, ஹைலெவல், மாலபே, கண்டி வீதி என்று நகருக்குள் வரும் ஏழு வழித்தடங்களையும் தனித்தனியே ஆராய்ந்த வேலை அது. 2016இல் மேல் மாகாணப் பெருநகரத் திட்டம் வந்தது. 2019 மார்ச்சில் மாலபேயிலிருந்து கோட்டை வரையான இலகு ரயிலுக்குக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020இல் அது கைவிடப்பட்டது. அந்தப் பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கடுவெலை, கோட்டே, கொழும்பு ஆகிய மூன்று மாநகர சபைகளின் ஊடாகச் செல்ல வேண்டியிருந்தது. நிலையத்திலிருந்து வீடு வரையான வழியைத் தத்தம் எல்லைக்குள் எப்படிச் செய்து தருவது என்பதற்கு அந்த மூன்று சபைகளையும் ஒரு பக்கமேனும் எழுதச் சொன்னதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் இருந்தால் திருத்துங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் முன்வைத்துவரும் ‘நிலைபேறான நகரப் போக்குவரத்துத் திட்டம்’ என்ற முறையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சபையின் எல்லைக்கோட்டை மறந்துவிட்டு, மக்கள் அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பரப்பு முழுவதையும் ஒரே நகரமாகக் கொண்டு திட்டமிடு என்று அது சொல்கிறது. அந்தக் கணக்கின்படி கொழும்பு என்பது 37 சதுர கிலோமீட்டர் மாநகர சபை அல்ல. பாணந்துறையும் அவிசாவளையும் நீர்கொழும்பும் அதற்குள் வந்துவிடும். கொழும்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து மாநகர சபைகள், ஐந்து நகர சபைகள், மூன்று பிரதேச சபைகள் என 13 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. கம்பஹாவையும் களுத்துறையையும் நான் இன்னும் எண்ணவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. தரிப்பிடத்துக்கும் வீதிக்கும் நடுவே வடிகால். அதன் மேல் கொங்கிரீட் மூடிகள். அவற்றில் ஒன்று உடைந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் குழியில் தென்னை மட்டையொன்றை நட்டு, நுனியில் சிவப்பு ஷொப்பிங் பையைக் கட்டியிருந்தார். நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். வீதி தங்களுடையதல்ல என்றார்கள். இரண்டாவது அலுவலகம், வீதி தங்களுடையதுதான், வடிகால் தங்களுடையதல்ல என்றது. மூன்றாவது அலுவலகம், வடிகால் யாருடையதாக இருந்தாலும் தரிப்பிடத்தை அங்கே வைத்தவர்களைக் கேளுங்கள் என்றது. மட்டை காய்ந்து விழுந்துவிட்டது. அண்மையில் வேறொரு மட்டை நடப்பட்டிருக்கிறது.

ஹைலெவல்_138

நீங்கள் சொன்ன பயணி நான்தான். ஹோமாகம அல்ல, கொட்டாவை. மற்றபடி எல்லாம் சரி.

ஆனால் உங்கள் கேள்வி எனக்குச் சற்றுக் கோணலாகப் படுகிறது. எத்தனை சபைகளைக் கடக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு வேண்டியது பஸ் எப்போது வரும், ரயிலில் இறங்கினால் அடுத்த பஸ் நிற்குமா என்பவைதான். மாக்கும்புரவைப் பாருங்கள். அதிவேக வீதியின் வாயிலில், களனிவெளி ரயில் பாதையை ஒட்டி, 2019இல் திறக்கப்பட்ட பல்வகைப் போக்குவரத்து நிலையம் அது. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. கழிப்பறையும் சுத்தம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ரயில் வரும் நேரத்தைப் பார்த்துப் புறப்படும் பஸ் எதையும் நான் கண்டதில்லை. ரயில் திணைக்களத்தின் நேர அட்டவணை வேறு, மாகாணம் கொடுத்த பஸ் அட்டவணை வேறு, தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் ஓடும் மாகாணங்களுக்கிடையிலான பஸ்களின் அட்டவணை வேறு. சீசன் டிக்கெட்டும் தனித்தனி. ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே அட்டவணையின் கீழ் கொண்டுவரவில்லை.

ஆகவே சபைகளை எழுதச் சொல்லி என்ன பயன்? லண்டனைப் போல ஒரே ஒரு பலமான அதிகார சபையை உருவாக்கி எல்லாவற்றையும் அதன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஹரோவாசி

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். நெடுங்காலமாக லண்டனின் வடமேற்கில் ஹரோவில் வாழ்கிறேன். லண்டனை உதாரணம் காட்டும்போது ஒரு பிழையான படம் மனதில் பதிந்துவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டில் உருவான லண்டன் போக்குவரத்து நிறுவனம் பலமானதுதான். ஆனால் லண்டனின் வீதிகளில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே அதனுடையது. எஞ்சிய 95 சதவீதம் 32 உள்ளூர்ச் சபைகளுக்கும் பழைய நகர மாநகராட்சிக்கும் உரியவை. என் வாசலில் நிற்கும் பஸ்ஸின் தடத்தையும் கட்டணத்தையும் நேரத்தையும் நிறுவனம் தீர்மானிக்கிறது. நான் பஸ்ஸுக்கு நடந்துபோகும் தெருவை ஹரோ சபை பார்த்துக்கொள்கிறது. அதாவது உங்கள் நாட்டில் உள்ள பிளவு இங்கேயும் இருக்கிறது. வேறுபாடு எதில் என்றால், 1999ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பிளவின் மேல் ஒரு கட்டாயப் பாலத்தைப் போட்டிருக்கிறது. மேயர் தலைநகர் முழுவதற்குமான போக்குவரத்து மூலோபாயத்தை எழுத வேண்டும். அது வெளியானதும் ஒவ்வொரு சபையும் அதைத் தன் எல்லைக்குள் எப்படி நிறைவேற்றப் போகிறது என்று ஓர் உள்ளூர் நிறைவேற்றத் திட்டத்தை எழுதி மேயரின் அனுமதியைப் பெற வேண்டும். எழுத மறுத்தால், மேயரே எழுதிவிட்டு அதற்கான செலவைச் சபையிடம் அறவிடலாம். திட்டத்தோடு பணமும் வருவதால் பொதுவாக யாரும் மறுப்பதில்லை.

இதனால் சண்டை நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் பொது நிதியில் அமைக்கப்பட்ட சைக்கிள் தடத்தை, ஏழு வாரங்கள் கூட ஆவதற்குள் அங்குள்ள சபை கழற்றி எறிந்தது. வீதி சபையினுடையது, மேயரால் தடுக்க முடியவில்லை. பலமான அதிகார சபை இருந்தும் இதுதான் நிலை. ஆதலால் ‘ஒரே கையில் ஒப்படைப்பது’ என்பது லண்டனில் நடந்த கதை அல்ல. யார் எதை எழுத வேண்டும், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், பணம் எப்போது வரும் என்பதைச் சட்டம் சொல்லிவைத்தது, அதுதான் நடந்தது.

பழைய_எழுதுவினைஞர்

மேல் மாகாணத்தின் ஒரு திணைக்களத்தில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பிமார் இருவரும் சொன்னதில் ஒரு பகுதியை நேராக்க வேண்டியிருக்கிறது.

இங்கே சட்டம் இல்லாமலில்லை. அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் மாகாணத்துக்குள் ஓடும் பயணிகள் போக்குவரத்தை மாகாணத்திடம் கொடுத்தன. அதன் வழியே வந்ததுதான் மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாண எல்லையைத் தாண்டும் பஸ்களை 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு கவனிக்கிறது. ‘ஏ’, ‘பி’ வீதிகள் மத்திக்கு, ‘சி’, ‘டி’ வீதிகள் மாகாணத்துக்கு, எஞ்சியவை சபைகளுக்கு. ரயில் முழுக்க மத்திக்கு. உள்ளூராட்சி சபைகளை மேற்பார்வை செய்வது மாகாணம். காகிதத்தில் பார்த்தால், மேலும் கீழும் கைநீட்டக்கூடிய நடுப்படி மாகாணம்தான். பெருநகரத் திட்டத்தை எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆனால் அந்த நடுப்படியில் ஆள் இல்லை. மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது; அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் செயலாளர்களும் நிர்வாகத்தை ஓட்டுகிறார்கள். அதிகாரிகள் கோப்பை நகர்த்துவார்கள், நானும் நகர்த்தியவன்தான். ஆனால் ஹைலெவல் வீதியில் வாகனத் தரிப்பை நிறுத்தப் போகிறோம் என்று மஹரகமக் கடைக்காரர்களின் முன் நின்று சொல்வதற்கு வாக்கு வாங்கிய ஒருவர் வேண்டும். கீழே உள்ள சபைகளுக்குக்கூட 2023 முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை அந்த ஆள் இருக்கவில்லை. ஐரோப்பிய முறையின் படிகளை நானும் வாசித்தேன். தொடக்கத்திலேயே நிறுவனங்கள் ஒன்றோடொன்று உடன்பட வேண்டியிருக்கிறது. ஒப்பமிடுவதற்கு ஒரு தரப்பில் அரசியல் தலைமையே இல்லாதபோது எதன் மேல் உடன்படுவது?

பக்கவாட்டில் ஒரு செய்தி. இன்றைய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும்: ஒரு காலத்தில் கொழும்பு மாநகர சபையே போக்குவரத்தை நடத்தியது. தனியாரிடமிருந்து ட்ராம் சேவையை 1944இல் பொறுப்பேற்று, கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓட்டியது. 1953இல் மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்களையும் கொண்டுவந்தது. 1958இல் பஸ்கள் தேசியமயமாயின. ட்ராம் 1960இல் நின்றது, ட்ரொலி பஸ் 1964இல் நின்றது. வீதியும் வண்டியும் ஒரே சபையின் கையில் இருந்த அந்தக் காலத்தின் ஞாபகம் நகர மண்டபத்தில்கூட யாருக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெர்மிட்காரர்

காலி வீதியில் ஓடும் ஒரு பஸ்ஸின் சொந்தக்காரன் நான். எல்லோரும் எங்களைத் திட்டுவதற்கு முன் எங்கள் கணக்கையும் கேளுங்கள்.

பஸ் என்னுடையது, பெர்மிட் மாகாணத்தினுடையது. காலையில் சாரதியும் கொண்டக்டரும் வண்டியை எடுத்துச் செல்கிறார்கள். மாலையில் எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று பேசியிருக்கிறோம். எரிபொருள் போக மிஞ்சியது அவர்களுடையது. அதனால் எனக்கு முன்னால் போகும் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொரு பயணியும் என் சாரதிக்கு நட்டம். தரிப்பிடத்தில் ஐந்து நிமிடம் நின்று ஆள் சேர்ப்பதும், பின்னால் அதே இலக்க பஸ் தெரிந்ததும் பறப்பதும் அவன் கெட்டவன் என்பதால் அல்ல. புறக்கோட்டையில் டைம் கீப்பர் இரண்டு நிமிட இடைவெளி விட்டு அனுப்பினாலும், பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் அந்த இரண்டு நிமிடம் கரைந்துவிடுகிறது.

அதே வீதியில் காலி, மாத்தறை பஸ்களும் ஓடுகின்றன, இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்களும் ஓடுகின்றன. மூன்று தரப்புக்கும் மூன்று தலைவாசல். எல்லோரும் ஒரே அட்டவணையில் ஓடட்டும் என்று அரசு சொன்னபோது, 2025 ஆகஸ்டில் அதை எதிர்த்து இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் பார்த்தோம். நான் ஒரே அட்டவணைக்கு எதிரி அல்ல. ஆனால் அட்டவணைப்படி ஆளில்லாத பஸ்ஸை ஓட்டினால் அந்த ஓட்டத்துக்கு யார் பணம் தருவார்கள் என்று சொல்லுங்கள்.

பஸ்களுக்கென்று வீதியில் ஒதுக்கும் தடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் இராஜகிரிய வழியே பரீட்சித்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு 2020இல் மீண்டும் கொண்டுவந்தபோது, முச்சக்கர வண்டியையும் மோட்டார் சைக்கிளையும் முதலில் அதே தடத்துக்குள் அனுப்பினார்கள். கூச்சல் எழுந்த பிறகே அதை மாற்றினார்கள். மஞ்சள் கோடு போடுபவர் ஒருவர், அதன் மேல் நிற்கும் காருக்குத் தரிப்புக் கட்டணம் வாங்குபவர் வேறொருவர், அபராதம் எழுதுபவர் மூன்றாமவர். இந்த மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல் நீங்கள் எந்தத் திட்டத்தை எழுதினாலும் என் சாரதி பறந்துகொண்டுதான் இருப்பான்.

ஹரோவாசி

பெர்மிட்காரர் அண்ணா, அட்டவணைப்படி ஓட்டினால் யார் பணம் தருவார்கள் என்ற உங்கள் கேள்விக்கு லண்டனில் உள்ள பதில் இது. இங்கேயும் பஸ்களை ஓட்டுவது தனியார் கம்பனிகள்தான். ஆனால் பயணி தரும் கட்டணம் கம்பனிக்குப் போவதில்லை. ஒப்பந்தப்படி ஓடியதற்கான தொகையைப் பொது நிறுவனம் கொடுக்கிறது, நேரம் தவறினால் குறைத்துக்கொள்கிறது. கட்டணம் பொதுக் கையில் இருப்பதால்தான் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்ற சலுகையைத் தர முடிந்தது. உங்கள் சாரதிக்கு முன்னால் போகும் பஸ் எதிரியாக இருக்கும்வரை, கொட்டாவை நண்பர் கேட்கும் ஒரே டிக்கெட் பிறக்காது.

நடைவழி

நீங்கள் எல்லோரும் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டவர்களாகவே பேசுகிறீர்கள். நான் இன்னும் ஏறவில்லை.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கைத்தடி ஊன்றி நடப்பவர். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு நடந்தே போய்விடலாம், தூரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் நடைபாதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்காகச் சரிந்து, மறுபடியும் எழும்புகிறது. மின்கம்பம் நடுவில் நிற்கிறது. மோட்டார் சைக்கிள்கள் சுவரோடு ஒட்டி நிற்பதால் அம்மா வீதியில் இறங்கி நடக்கிறார். பஸ் வந்தால் அது தரிப்பிடத்தில் ஓரத்தை ஒட்டி நிற்பதில்லை. நடுவீதியில் நின்று ‘இறங்குங்க, இறங்குங்க’ என்று கொண்டக்டர் அவசரப்படுத்துகிறார். முதல் படி அம்மாவின் முழங்கால் உயரம். கடைசியில் ஓட்டோ பிடிக்கிறோம். மாதத்தில் நான்கு முறை மருத்துவமனைக்குப் போனால், அந்தச் செலவே ஒரு மாதாந்த பில்லுக்குச் சமம்.

‘நிலைபேறான’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு மின்சார பஸ், இலகு ரயில் என்று பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது, மன்னிக்கவும். அம்மாவை ஓட்டோவில் ஏற்றியது பஸ் இல்லாமையல்ல. பஸ்ஸுக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரம். அந்தத் தூரம் முழுவதும் உள்ளூராட்சி சபையின் கையில் இருக்கிறது. 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் கார்கள் அசையாமல் நின்றபோதும், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போனபோதும், சபை ஒரே ஒரு காரியம் செய்திருக்கலாம்: ஒரு பக்கத் தரிப்பை நிறுத்தி அந்த இடத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கொடுத்திருக்கலாம். எந்தத் தலைநகரப் பெருந்திட்டமும் அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

ஹைலெவல்_138

நடைவழி அக்கா சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரே அதிகார சபை என்ற என் கட்சியிலிருந்து பாதி இறங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பாதி பணம். சபை எழுதும், மாகாணம் ஒப்புதல் தரும், எல்லாம் சரி, யார் செலவழிப்பது? சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் கன்டோன் (நம் மாகாணம் போன்ற அலகு) முழுவதற்குமான போக்குவரத்துக் கூட்டமைப்பு 1990இல் தொடங்கியது. கட்டண வருமானம் போகத் துண்டு விழும் தொகையில் பாதியைக் கன்டோனும் மறுபாதியைச் சிறுசபைகளும் ஏற்கின்றன. பணம் கொடுப்பதால் சபைகளுக்கு அட்டவணையில் வாய் திறக்கும் உரிமையும் கிடைக்கிறது. பிரான்சில் தொழில் தருநர்களிடமிருந்து சம்பளத் தொகையின் மீது ஒரு போக்குவரத்து வரி வாங்குகிறார்கள். பாரிஸில் அது 1971இல் தொடங்கியது. நமது சபைகள் குப்பை அள்ளுவதற்கே பணத்துக்கு அலைகின்றன. அவற்றிடம் போய்த் துண்டு விழும் தொகையில் பாதியைக் கேட்க முடியுமா?

மட்டுநர்

கட்சி அரசியலாகப் போன மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தால் எந்த வீதி போடப்படும் என்ற ஆராய்ச்சிக்கு வேறு இழைகள் உள்ளன.

பழைய_எழுதுவினைஞர்

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாகாணத்துக்கும் சபைக்கும் போக்குவரத்தோடு தொட்டுக்கொண்ட வருமானங்கள் இப்போதே இருக்கின்றன. அவை அந்தப் பெயரில் செலவாவதில்லை என்பதே விடயம். வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மாகாணத்துக்குப் போகிறது. நகரில் தெருவோரத் தரிப்புக் கட்டணம் சபைக்குப் போகிறது. காணி உறுதிகளுக்கான முத்திரைத் தீர்வை மாகாணத்தின் வழியே சபைக்கு வருகிறது. பஸ் தடம் நன்றாக உள்ள இடத்தில் காணி விலை ஏறினால் அந்தத் தீர்வையும் கூடவே ஏறும். சூரிச்சில் போலப் பாதிச் செலவைச் சபை ஏற்க வேண்டியதில்லை. தரிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை அதே வீதியின் நடைபாதைக்கு என்று சபை தீர்மானம் நிறைவேற்றினால் போதும். அதற்கு மத்தியின் அனுமதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

நடுப்படியில் ஆள் இல்லை என்று முன்னர் எழுதினேன். ஆளுக்காகக் காத்திருந்தால் இந்த இழைக்கே வயதாகிவிடும். சென்னையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் இயற்றினார்கள்; அது உயிர்பெற்று இயங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இத்தனைக்கும் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசு ஒருநாளும் இல்லாமல் போகவில்லை.

தெற்குக்கரை

நான் தொடங்கியபோது என் மனதில் இருந்தது ஒரு பெருந்திட்டம். இப்போது அதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

மாவட்டம் முழுவதற்கும் எழுதுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு வழித்தடத்தை எடுப்போம். காலி வீதியானது மொரட்டுவை, தெஹிவளை–கல்கிசை, கொழும்பு ஆகிய மூன்று மாநகர சபைகளின் ஊடாகப் போகிறது. மூன்றிலும் இப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மூன்று சபைகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாணப் பஸ் அதிகார சபையும் பொலிஸாரும் கூடி, தரிப்பிடம் தரிப்பிடமாக ஒரு அட்டவணையை எழுதட்டும்: இந்தத் தரிப்பிடத்தின் கூரை யாருடையது, வடிகால் மூடி யாருடையது, தரிப்பிடத்துக்கு முன்னும் பின்னும் வாகனம் நிற்காமல் பார்ப்பது யார், அதற்குள் வந்து சேரும் ஒழுங்கையின் நடைபாதையை எந்தச் சபை எந்த ஆண்டில் சீர்செய்யும். ஹரோவாசி சொன்ன உள்ளூர் நிறைவேற்றத் திட்டத்தின் ஏழை வீட்டு வடிவம் இது. சட்டத்தின் கட்டாயம் இல்லைதான். ஆனால் எழுதப்பட்டுவிட்டால், மூன்று அலுவலகங்கள் என்னை மாறி மாறி அனுப்புவதற்கு இடமிராது.

பெர்மிட்காரரின் கேள்விக்கு இதில் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டணம் யார் கைக்குப் போகிறது என்பதை மூன்று சபைகளும் சேர்ந்தாலும் மாற்ற முடியாது. அது மாகாணமும் மத்தியும் தீர்க்க வேண்டிய கணக்கு. தரிப்பிடத்தில் ஓரத்தை ஒட்டி நிற்க இடம் கிடைத்தால் உங்கள் சாரதி நடுவீதியில் நிற்க மாட்டார் என்பதை மட்டும் நம்புகிறேன்.

பெர்மிட்காரர்

இடம் கிடைத்தால் நிற்பான். அதற்கு நான் பொறுப்பு. மற்றதற்கு இல்லை.

பழைய_எழுதுவினைஞர்

தெற்குக்கரைத் தம்பிக்கு நடைமுறை ஆலோசனை ஒன்று. கடிதம் எழுதி அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைத் தெரிவிக்க வேண்டும். ‘ஏன் திருத்தவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு அழகான பதில் வரும். ‘இந்தத் தரிப்பிடத்தின் வடிகால் மூடி உங்கள் சொத்துப் பதிவேட்டில் உள்ளதா, உள்ளதெனில் அந்தப் பக்கத்தின் பிரதியைத் தாருங்கள்’ என்று கேளுங்கள். மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில், ஒரே சொற்களில். மூவரும் இல்லை என்று எழுத்தில் தந்தால் அந்த மூன்று தாள்களையும் சபை உறுப்பினரிடம் கொடுங்கள். சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது; ஆகவே அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் தயாராகும். அதற்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும். ஜனவரியில் கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நடைவழி

எங்கள் பக்கத்துத் தரிப்பிடங்களை நான் எழுதித் தருகிறேன். நேற்று மாலை அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத் தையல் நாடாவோடு போனேன். ஐந்து தரிப்பிடங்கள் பார்த்தேன். இரண்டில் கூரை இருக்கிறது, இருக்கை இல்லை. ஒன்றில் இருக்கை இருக்கிறது. அதில் லொத்தர் விற்பவர் பலகை வைத்திருக்கிறார், நல்ல மனிதர், அம்மா வந்தால் எழுந்து இடம் தருவார். நடைபாதையின் விளிம்பு ஓரிடத்தில் 11 அங்குலம், இன்னோரிடத்தில் 4 அங்குலம். ஐந்தாவதில் தரிப்பிடப் பலகை மட்டும் இருக்கிறது. அதன் கீழே ஒரு வேன் நின்றது, அதனால் நாடாவைப் பிடிக்க முடியவில்லை. நாளை காலை ஆறு மணிக்கு, வேன் வருவதற்கு முன், மறுபடியும் போவேன்.